அஞ்சும் கைகளின் தையல்

மூன்றாம் வரிசை முழுவதும் மறுபடியும் சிவப்பு விளக்கு எரிந்தது. தையல் பிசகியதும் இயந்திரங்கள் தாமாக நின்றன. தூத்துக்குடிக் கடற்கரையோரம் இருந்த அந்த ஆலையின் வாசலில் சரக்கு லாரி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

பழுது பார்க்க வந்த பொறியாளர் சுகிர்தா, ஜெனோவாவின் இயந்திரத்திலிருந்து தொங்குகச்சையை உருவிப் புரட்டினாள். மேற்பக்கத் தையல் கோடு போட்டதுபோல் நேராக இருந்தது. அடிப்பக்கத்தில் நூல் சுருள் சுருளாகத் தொங்கியது. விரல்விட்டு இழுத்தாள். வந்துவிட்டது.

"மறுபடியும் லூப்பா மேடம்?" என்றாள் ஜெனோவா. "ஊசி மாத்தியாச்சு. பாபினை ஊதித் துடைச்சாச்சு. இனி சாமி கும்பிடுததுதான் பாக்கி."

"அதையும் செஞ்சிருங்க, ஒரு குறை வேண்டாம்."

கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளில் ஏறுபவர்கள் இடுப்பிலும் தொடையிலும் மாட்டிக்கொள்வது தொங்குகச்சை. கனத்த நைலான் நாடாவை நான்கு மடிப்பாக அடுக்கித் தைக்க வேண்டும். மேல்நூலும் அடிநூலும் நாடாவின் நடு வயிற்றில் பூட்டிக்கொண்டால்தான் பிடி. அடியில் சுருள் விழுந்தால் மேல்நூலுக்கு இழுப்புப் போதவில்லை என்று பொருள். பழைய இயந்திரங்களில் ஒரு திருகைத் திருகினால் சரியாகிவிடும். இவற்றில் திருகு இருந்த இடத்தில் மூடிதான் இருந்தது. உள்ளே நூல்மதி. நூலின் இழுப்பையும் துணியின் தடிமனையும் தைப்பவரின் கைவாகையும் ஒவ்வொரு தையலிலும் அளந்து தன்னைத் திருத்திக்கொள்ளும் கருவி. கம்பெனியின் எல்லா ஆலைகளிலும் உள்ள நூல்மதிகள் கற்றதைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டன.

அது வந்த பிறகு கச்சை அறுந்தது என்ற பேச்சே இல்லை. மாடி ஜன்னலைத் துடைப்பவர்கள், தென்னை ஏறுபவர்கள், பதினெட்டாம் மாடிக்குக் கயிற்றில் வந்து பால்பாக்கெட் போடுபவர்கள் எல்லோரும் கச்சையில்தான் தொங்கினார்கள். உயரம் யாரையும் பயமுறுத்துவதில்லை.

ஜெனோவாவின் கணவர் செல்சன் தினமும் காற்றாலையில் ஏறுபவர். அவர் இடுப்பில் இருப்பது இந்த ஆலைக் கச்சை.

சுகிர்தா நூல்பாதையைச் சரிபார்த்தாள். அடிநூல் பெட்டியின் வில்லை மாற்றினாள். வேறு நூல்கண்டைப் போட்டாள். சுருள் போகவில்லை. கடைசியில், "எழுந்திரிங்க, நான் தைச்சுப் பாக்கேன்" என்று தானே உட்கார்ந்தாள். ஒரு சாண் தைத்தாள். புரட்டினாள். அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது.

"அது எப்படி?" ஜெனோவா இடுப்பில் கைவைத்தாள். "நான் தைச்சா தொங்குது, நீங்க தைச்சா நிக்கி. மெஷினுக்கும் ஆபீஸ் ஆளுன்னா ஒரு மரியாதையோ?"

மீண்டும் ஜெனோவா தைத்தாள். சுருள். சுகிர்தா தைத்தாள். சுத்தம். நாடாவின் மேலிருந்த தன் கைகளைச் சுகிர்தா அப்போதுதான் கவனித்தாள். லாரியின் ஹாரன் கேட்கும்போதெல்லாம் விரல்கள் நாடாவை இறுக்கிப் பிடித்துப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தன. ஜெனோவாவின் கைகள் துணியை அதன் போக்கில் விட்டன. போன வாரம்தான் வரிசையில் எல்லோருக்கும் வேலை நிரந்தரம் என்று அறிவித்திருந்தார்கள்.

"இந்த மெஷினெல்லாம் எப்ப பழகுச்சு?"

"போன வருசம். பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பப் போறாவன்னு பேச்சு கிடந்துச்சுல்லா, அப்ப. சோறு இறங்காது எங்களுக்கு."

சுகிர்தாவுக்கு விளங்கியது. பயந்த கை துணியை விடாது. துணி தடைபட்டால் மேல்நூல் தானாகவே இறுகும். அந்த இறுக்கத்துக்கு ஈடாக மேல்நூலைத் தளர்த்திக் கொடுக்க நூல்மதிகள் கற்றிருந்தன. இறுகிய கைதான் இயல்பு, பயம்தான் இயல்பு என்று எடுத்துக்கொண்டுவிட்டன. இப்போது கைகள் அமைதியாகிவிட்டன. தளர்த்துவது மட்டும் நிற்கவில்லை.

வேண்டுமென்றே இழுத்துத் தைக்கச் சொல்லிப் பார்த்தாள். இழுப்பு சீராக வரவில்லை. இரண்டு ஊசிகள் முறிந்தன.

மேலாளர் குற்றாலிங்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "நூல்மதிக்கு மறுபடி சொல்லிக்கொடுக்க எவ்வளவு நாளாகும்?"

"எல்லா ஆலையும் நிறுத்தணும் சார். மாசக்கணக்கில் ஆகும்."

அவர் ஒலிபெருக்கியை எடுத்தார். மூன்றாம் வரிசையை வெளிநாட்டுக்கு மாற்றுவதுபற்றித் தலைமை அலுவலகம் ஆலோசிப்பதாகவும், முடிவு தெரியும்வரை ஒத்துழைக்க வேண்டும் என்றும் அறிவித்தார். கூடத்தில் விரல்கள் நாடாவை இறுக்கின. பிறகு இயந்திரங்கள் ஓடின. சிவப்பு விளக்கு எரியவில்லை. மாலைக்குள் லாரி போய்விட்டது.

"பாத்தீங்களா?" என்றார் குற்றாலிங்கம். "செலவே இல்லை."

சுகிர்தாவால் அந்தக் கூடத்தில் நிற்க முடியவில்லை. நடந்துகொண்டே இருந்தாள். மறுநாள் உணவு இடைவேளையில் ஜெனோவா வழிமறித்தாள்.

"மேடம், எங்களை அனுப்பிருவாவளா? பொய் சொல்லாதிய."

சுகிர்தா உண்மையைச் சொன்னாள். மேலாளரின் பொய், கைகள், பயம், நூல்மதி எல்லாவற்றையும். ஜெனோவா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். ஜெனோவா டப்பாவை மூடினாள்.

"அப்போ நான் நிம்மதியா இருந்தா தையல் பிரிஞ்சிரும்."

"இப்போதைக்கு, ஆமா."

"எங்க வீட்டுக்காரரு அதுலதான மேடம் தொங்குதாரு."

சேதி கூடம் முழுக்கப் பரவியது. சிரித்தார்கள், மேலாளரை ஏசினார்கள், யாரோ விசில் அடித்தார்கள். பிற்பகலில் வரிசை முழுவதும் சிவப்பு விளக்கு. ஒரே ஒரு இயந்திரம் நிற்காமல் ஓடியது. சுகிர்தா ஓடிப்போய் ஜெனோவாவின் கச்சையைப் புரட்டினாள். அடிப்பக்கத்தில் ஒரு பிசிறு இல்லை. ஜெனோவாவின் கண்கள் கலங்கியிருந்தன.

"என்ன செஞ்சீங்க?"

"அவரு விழுததை நெனச்சுக்கிட்டேன்."

அடுத்த வாரமே அது ஆலையின் நடைமுறையானது. ஷிப்ட் தொடங்கும்முன் பாட்டுப் போடுவதை நிறுத்தினார்கள். அதற்குப் பதில் ஒரு நிமிடம் ஒவ்வொருவரும் தனக்கு வேண்டிய ஒருவர் கயிற்றில் தொங்குவதை நினைக்க வேண்டும். "இன்னைக்கு யாரை விழத்தாட்டப் போற?" என்று பெண்கள் ஒருவரை ஒருவர் கேலி செய்தார்கள். தொங்குபவர் யாரும் இல்லாதவர்கள் மகன், மகள் என்று வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி தன் மாமியாரை நினைத்துப் பார்த்தாள். தையல் மேலும் தளர்ந்தது என்று கூடமே சிரித்தது.

நூல்மதியை மாற்றிப் பழக்க வேண்டும் என்று சுகிர்தா தலைமை அலுவலகத்தில் வாதாடினாள். தையல் சரியாகத்தானே வருகிறது, எதற்கு நிறுத்த வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு நிமிட நடைமுறை மற்ற ஆலைகளுக்கும் போயிற்று. எல்லா நூல்மதிகளும் அந்தக் கைகளிடமிருந்து கற்றுக்கொண்டே இருந்தன. இன்னும் இறுகிய கை, இன்னும் தளர்த்திய நூல். நேற்றைய பயம் இன்றைக்குப் போதவில்லை.

மழைக்காலம் முடியும்போது ஜெனோவாவின் இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

சுகிர்தா போனபோது அவள் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கச்சையின் அடியில் சுருள்கள்.

"நெனச்சுப் பாக்கேன் மேடம்," என்றாள் மெல்ல. "கண்ணை மூடி எம்புட்டோ நெனச்சுப் பாக்கேன். ஆனா அவரு தெனமும் சாயந்திரம் சுகமா வந்துருதாரு. சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு, 'என்னட்டி, இன்னைக்கு மீன் இல்லையா'ங்காரு. எனக்குப் பயமே வரமாட்டேங்கு."

பக்கத்து இயந்திரமும் நின்றது. அதற்கடுத்ததும்.

சுகிர்தா கச்சையை எடுத்தாள். ஒரு சுருளுக்குள் விரல்விட்டு இழுத்தாள். தையல் ஓசையின்றிப் பிரிந்துகொண்டே வந்து, நாடா இரண்டாக அவள் கையில் தொங்கியது. அதை ஜெனோவாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். ஜெனோவா பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் உதட்டிலிருந்து நிறம் போயிற்று.

பிறகு புதிய நாடாவை இயந்திரத்துக்குள் கொடுத்துத் தைத்தாள்.

அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது.

பிரிந்த கச்சையைச் சுகிர்தா குப்பையில் போடவில்லை. அடுத்த இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டு நடந்தாள்.