டோபி கேட்டுக்கொண்டிருக்கிறான்

அப்பா பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கேள்வியைத்தான் யாரும் கேட்கவில்லை.

"இங்கேதான் இருக்கேன்," என்றார், கண்ணை மறைத்த கறுப்புத் துணிக்குக் கீழே உதடு மட்டும் அசைய. மகள் கிரெட்டா அவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மெண்டசீனோ கடலோரக் குன்றின் மேலிருந்த அந்த மரவீட்டைக் கடல் பனிமூட்டம் பிற்பகலிலேயே மூடிவிட்டது. கூரையில் ஈரம் சொட்ட, அணைந்த கணப்பின் சாம்பல் வாடை தரையோடு ஊர்ந்துவர, சுவர்ப் பலகைகள் முனகிக்கொண்டிருந்தன. மனத்தைத் திறக்கும் மருந்து என்று ஊர் ஊராகப் பேசி, பல்கலைக்கழகம் துரத்தியும் அடங்காத மனோதத்துவ நிபுணர் வின்ஸ்லோ ஆட்லிதான் அந்த அப்பா. பாதி நாட்டுக்குத் தீர்க்கதரிசி, மீதி நாட்டுக்குப் பிள்ளைபிடிக்காரர். சாகும்போதும் அந்த மருந்து வேண்டும் என்று அடம்பிடித்தார். காலையில் மகள்தான் நாக்கில் வைத்தாள்.

மருந்து எடுத்தவர் கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருக்க, பக்கத்தில் ஒருவர் தெளிவாக உட்கார்ந்திருக்க வேண்டும். "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும். பதில் சொன்னவர், மருந்தில் போனவரின் மனம் திரும்பும்வரை எழுந்திருக்கக் கூடாது. ஆட்லி வகுத்த விதி இது. ஊருக்குத்தான் உபதேசம். பதினேழு வயது மகன் டோபிக்கு இதே அறையில் மருந்து கொடுத்துவிட்டு, பத்திரிகைக்காரர் போன் செய்ததும் எழுந்து போய்விட்டார். டோபியின் மனம் திரும்பவே இல்லை. உடம்பு மட்டும் முப்பது வருஷம் காப்பகத்தில் கிடந்து, போன குளிர்காலத்தில் செத்தது.

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை. அதற்காகத்தான் கிரெட்டா வந்திருந்தாள்.

"அப்பா, டோபியைப் பத்தி ஏதாவது சொல்லுங்க."

"அவன் இங்கதானே இருக்கான். பயந்துபோய்க் கேட்டுட்டே இருக்கான்." தலை மெல்லத் திரும்பியது. "போன் அடிக்குது."

அந்த வீட்டில் போன் இல்லாமல் போய்ப் பல வருஷமாகிறது.

"அடிக்கலப்பா. போகாதீங்க. இந்தத் தடவையாவது."

"அஞ்சே நிமிஷம். வந்துடறேன்."

கை தளர்ந்தது. மூச்சு நின்றது. செத்தும் தப்பித்துவிட்டாரே என்று கிரெட்டா வாய்விட்டு அழுதாள்.

அழுகை ஓய்ந்தபோது அறையில் இன்னொரு மூச்சு கேட்டது.

சின்ன மூச்சு. அப்பாவுக்கும் சுவருக்கும் நடுவில். பையன்களின் வியர்வை வாடை. போர்வை ஏறியது. இறங்கியது.

"யாராவது இருக்கீங்களா?"

ஓடியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் அந்தக் குரலை அவள் முப்பது வருஷமாகக் கேட்கவில்லை.

"இங்கேதான் இருக்கேன், டோபி."

போர்வைக்கடியிலிருந்து விரல்கள் வந்தன. அப்பாவின் கையை அவள் கையிலிருந்து விலக்கிவிட்டு, அந்த இடத்தில் பொருந்திக்கொண்டன. சூடாக.

அப்போது கூடத்திலிருந்து ஒரு பெண்குரல். "யாராவது இருக்கீங்களா?"

மாடிப்படியில் இன்னொன்று. வாசலில் ஒரு கிழவர். தோட்டத்தில், மூட்டத்துக்குள், எத்தனையோ பேர். அப்பாவை நம்பி மருந்தெடுத்துக் கண்ணை மூடி, டோபியைப் போலவே திரும்பாதவர்கள்.

கிரெட்டா எழ முடியாது. பதில் சொல்லிவிட்டாளே.

ஜன்னல் கண்ணாடியில் ஒரு உள்ளங்கை பதிந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு கண்ணாடி முழுக்க.