தாலி நிழல்

கோபாலசாமிக்குத் தாலி ஏது? நாகலாபுரத்துச் சம்சாரி, அறுபது வயது ஆம்பளை. ஆனாலும் அவருடைய நெஞ்சு எக்ஸ்ரேயின் நட்டநடுவே கம்ப்யூட்டர் பச்சைக் கட்டம் போட்டிருந்தது. பச்சை என்றால் தாலி நிழல், கண்டுகொள்ள வேண்டாம் என்று அர்த்தம்.

"நெஞ்சுல ஏதும் தெரியுதா அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல, போய்ட்டு வாங்க" என்றார் எக்ஸ்ரே எடுக்கும் செண்பகராஜ்.

அந்தக் கம்ப்யூட்டருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். இரண்டாயிரத்து நாலில் அது கோவில்பட்டி ஸ்கேன் சென்டருக்கு வந்தபோது, மூவாயிரம் பழைய படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிப் பழக்கினார். புற்றுக்கட்டி என்றால் சிவப்பு வட்டம். இந்தப் பக்கத்துப் பெண்கள் தலையே போனாலும் தாலியைக் கழற்ற மாட்டார்கள். அதனால் தாலி விழுந்த இடத்திலெல்லாம் பச்சைக் கட்டம். நன்றாகத்தான் படித்துக்கொண்டது, பாவி மிஷின்.

போன ஆடியில் அவர் மனைவி வேலுத்தாய் விடாமல் இருமினாள். அவரே நிறுத்திப் படம் எடுத்தார்.

"தாலியக் கழத்தச் சொல்லாதீங்க. உங்க ஆயுசுக்குத்தான போட்டிருக்கேன்."

"சரி, மூச்ச இழுத்துப் பிடி" என்றவர், விடச் சொல்ல மறந்துபோனார்.

"ஏங்க, விடட்டுமா?" என்று சிரித்தாள்.

பச்சைக் கட்டம் மட்டும் வந்தது. ஒன்றுமில்லை என்று அவரும் நம்பினார். கட்டி அந்தத் தாலி நிழலுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தது. தை பிறந்ததும் போய்விட்டாள். தாலி வீட்டுப் பீரோவில் கிடக்கிறது.

கரிசல் காட்டுப் புழுதிக்காற்று ஜன்னலை அறைந்துகொண்டே இருந்த அந்த மத்தியானத்தில், கோபாலசாமி போனபிறகு, மிஷின்தான் பழுது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, சோதித்துப் பார்க்க யாரையும் நிறுத்தாமல் வெறுமனே ஒரு படம் எடுத்து இருட்டறைக்குக் கொண்டுபோனார். மருந்துத் தண்ணீரின் புளித்த வாடைக்கு நடுவே, எங்கிருந்தோ ஈர மஞ்சள் வாசம் வந்தது. வேலுத்தாய் குளித்துவிட்டு வரும்போது வருகிற வாசம்.

முழுக்கக் கறுத்திருக்க வேண்டும் படம். கறுக்கவில்லை. காயவைத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்.

விலா எலும்புகள். கயிறு. தாலி.

பச்சைக் கட்டம் இல்லை. தாலிக்குப் பின்னால் சிவப்பு வட்டம்.

"இப்பச் சொல்லுதியே..." என்று அழுதார்.

ஆளில்லாத எக்ஸ்ரே அறைக்குள்ளிருந்து, இழுத்துப் பிடித்த மூச்சுக்குள் திணறியபடி ஒரு குரல் வந்தது.

"ஏங்க, இன்னும் பிடிச்சிக்கிட்டுத்தான் நிக்கேன். விடட்டுமா?"

விடு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.