கடைசிப் படகு

தீம் பார்க்குக்குள் ஓர் அடிகூட நடக்காத செருப்பில் ஈர மணல் ஒட்டியிருந்தது.

வாசல் விளக்கின் கீழே, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, கழற்றிய செருப்பை அவள் திருப்பிப் பார்த்தாள். வெள்ளை மணல். குதிகால் பதிந்து பதிந்து வழுவழுப்பாகிப்போன பள்ளத்தில், இன்னும் காயாமல், லேசான பாசி வாடையோடு. காரிலிருந்து வாசல் வரை சிமெண்ட் தரை. தெருவிலும் மணல் கிடையாது. இன்று அவள் வெள்ளை மணலைப் பார்த்தது ஒரே இடத்தில்தான். பார்க்கில் படகு போய் நிற்கும் செயற்கைத் தீவில். அங்கே எல்லோரும் இறங்கி நடந்தார்கள். அவள் இறங்கவில்லை. அவளால்தான் நடக்க முடியாதே!

அந்த நினைப்பு வந்ததும் காது மடல் வரை சுட்டது.

"என்ன மேடம், உள்ள வர வீல்சேர் வேணுமா?" ஈரத்துணிப் பையோடு பின்னால் வந்த கணவன் சிரித்தான்.

"சும்மா இருங்க."

மகள் சிரிக்கவில்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கிற குழந்தை, பெரிய மனுஷி மாதிரி அம்மாவைச் சுற்றிக்கொண்டு, அம்மாவின் மேல் படாமல் உள்ளே போனாள்.

செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு அவளும் உள்ளே வந்தாள்.

ஊர் சுற்றுவதற்குத் திட்டம் போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்கு ஷிப்ட் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. யாரை எங்கே நிறுத்தினால் யாருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. அதே மூளைதான் தீம் பார்க்கிலும். கேட் திறக்கும் முன்பே போய் நிற்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் கூட்டம் வலது பக்கம் ஓடும். நாம் இடது பக்கம். பெரிய ராட்டினங்கள் காலையில், தண்ணீர் விளையாட்டு வெயில் ஏறிய பிறகு. ஊரே சாப்பிடப் போவதற்கு முன்னால் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். மாற்றுத்துணி காரில். அக்கம்பக்கத்தில் யார் பார்க்குக்குக் கிளம்பினாலும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

ஆனால் இது பள்ளி விடுமுறை. எந்தத் திட்டமும் எடுபடாத கூட்டம். அப்போதுதான் ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரி அந்த யோசனையைச் சொன்னாள். "வாசல்ல வீல்சேர் தர்றாங்கப்பா. யாராவது ஒருத்தர் உட்கார்ந்துட்டா குடும்பமே தனி வழியில போகலாம். ராஜ மரியாதை!"

உட்கார்ந்தாள். முதல் ஐந்து நிமிடம் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. வழி விட்டார்கள், கதவைப் பிடித்துக்கொண்டார்கள், ஒரு பெரியவர் குடையைக்கூட நீட்டினார். வெயிலில் நெளிந்து நின்ற வரிசைகளைத் தாண்டிப் போகும்போது கணவன் காதோரம் குனிந்து, "உன் மூளையே மூளை" என்றான். மதியத்துக்குள் எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்து முடித்திருந்தார்கள்.

வெட்கப்பட வேண்டிய இடம் கடைசியில்தான் வந்தது.

அதை இப்போது நினைக்கக் கூடாது.

"காரைக் குடுத்துட்டு, அப்படியே சாப்பிட ஏதாவது வாங்கிட்டு வந்துடறேன்" என்று கணவன் கிளம்பினான். இரவல் கார். அதன் சத்தம் தெருமுனையில் திரும்பித் தேய்ந்ததும் வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது போலிருந்தது. குழாயில் தண்ணீர் ஏறும் முனகல், சுவர்க்கடிகாரம், மூடிக்கிடந்த வீட்டின் புழுக்கம், அதற்கு நடுவே எங்கிருந்தோ மெலிதாக அந்தப் பாசி வாடை.

மகள் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைப் பக்கம் போனவள் நின்றாள்.

"அம்மா, தீவுல ஏன் என் பின்னாடியே வந்தே?"

"நானா? நான் படகுல இருந்தேனே."

"செருப்புச் சத்தம் கேட்டுச்சு. உன் சத்தம்."

அவள் நடை அப்படி. குதிகாலில் செருப்பு சப் சப்பென்று அடிக்கும். நீ வர்றது தெருமுனையிலேயே தெரியும் என்று கணவன் கேலி செய்வான்.

"திரும்பிப் பார்த்தா நீ படகுலதான் உட்கார்ந்திருந்தே. ஆனா சத்தம் வந்துச்சு." மகள் தரையைப் பார்த்தபடியே சொன்னாள். "வீல்சேர்ல இருந்த அந்தக்கா பாவம்மா. நீ எழுந்து நின்னிருக்கலாம்."

கதவு சாத்திக்கொண்டது. ஷவர் கொட்டத் தொடங்கியது.

அவள் படுக்கையறைக்குப் போனாள். கால் கனத்தது. நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவளுக்கு, பார்க் முழுக்க நடந்து தேய்ந்தது போன்ற வலி கெண்டைக்காலில். கட்டிலில் சாய்ந்து போர்வையை இடுப்பு வரை இழுத்துக்கொண்டாள். விளக்கை அணைக்கவில்லை. கூடத்துக்கும் அறைக்கும் நடுவில் தொங்கும் திரைச்சீலை மின்விசிறிக் காற்றில் உப்பி உப்பி அடங்கியது.

நினைக்கக் கூடாது என்றால் நினைப்பு அங்கேதானே போய் நிற்கும்!

படகுத்துறையில் இன்னொரு சக்கர நாற்காலி இருந்தது. வாடகை நாற்காலி அல்ல, சொந்த நாற்காலி. சக்கரக் கம்பிகளில் வண்ண வண்ண ஸ்டிக்கர். உட்கார்ந்திருந்த பெண்ணுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும். பின்னால் அவளுடைய அப்பா, சட்டை முதுகோடு ஒட்ட, நாள் முழுக்கத் தள்ளிய களைப்போடு. அவர்கள்தான் முதலில் வந்தவர்கள். ஆனால் இவளைப் பார்த்ததும் அந்த மனிதர் தன் நாற்காலியை ஓரம் இழுத்து, "நீங்க முன்னாடி போங்கம்மா, உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்" என்றார்.

அதற்குப் பிறகுதான் படகுக்காரன் சொன்னான். "ஒரு படகுக்கு ஒரு நாற்காலிதாங்க. இன்னைக்கு இதான் கடைசிப் படகு."

எழுந்து நின்றிருந்தால் போதும். எனக்கு நாற்காலி வேண்டாம், அந்தப் பெண்ணை ஏற்றுங்கள் என்று நடந்து போய்ப் படகில் உட்கார்ந்திருந்தால் போதும். ஆனால் நாள் முழுக்க வழி விட்ட அத்தனை முகங்களும் அங்கே நின்றன. குடை கொடுத்த பெரியவர் உட்பட. எப்படி எழுந்திருப்பது?

படகிலிருந்து பாட்டு வந்துகொண்டிருந்தது. துள்ளலான, திரும்பத் திரும்ப வரும் ஒரே மெட்டு. அந்தப் பெண் சாய்ந்து, ரகசியமாக, "ஆன்ட்டி, உங்க கட்டைவிரல் தாளம் போடுது" என்றாள்.

சட்டென்று காலை இழுத்து உடைக்குள் மறைத்துக்கொண்டாள். "இல்லம்மா. என் கால் அசையாது."

"அசைஞ்சுது. நான் பார்த்தேன்." குற்றம் சாட்டவில்லை. பொம்மைக் கடைக் கண்ணாடியைப் பார்ப்பது போல ஆசையாகப் பார்த்தாள். "உங்களுக்கு அது வேணாமா ஆன்ட்டி?"

படகுக்காரன் மணி அடித்தான். எல்லோரும் பார்த்தார்கள். பேச்சை முடித்தால் போதும் என்றிருந்தது.

"வேணாம்மா."

"அப்ப நான் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோ கண்ணு" என்று அவள் சிரித்தாள்.

படகு கிளம்பியது. கரையில் அந்தப் பெண் கையசைத்தாள். அவளுடைய அப்பா மட்டும் அசைக்கவில்லை. அவர் இவளுடைய செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போர்வைக்குள் அவள் கட்டைவிரலை அசைக்கப் பார்த்தாள்.

அசையவில்லை.

மரத்துப்போயிருக்கும். அவ்வளவுதான். நாள் முழுக்க ஒரே மாதிரி உட்கார்ந்தால் யாருக்கும் மரக்கும். மறுபடி முயன்றாள். வலது. இடது. கணுக்கால். முழங்கால். கட்டளை உள்ளேயிருந்து கிளம்பிப் போனது. போன இடத்தில் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. வலியும் இல்லை. சற்று முன்பு வரை விண்ணென்று தெறித்த கெண்டைக்கால் வலி, அது எப்போது போனது?

போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது.

"குட்டி!" என்று கூப்பிட்டாள். ஷவர் நின்றது. "குட்டி, இங்க வா. அம்மாவால எழுந்திருக்க முடியல."

குளியலறையிலிருந்து அந்தச் சின்னக் குரல், அழுகையை அடக்கியபடி வந்தது.

"போதும்மா. இங்க யாரும் பார்க்கல. நடிக்காதே."

வாயைத் திறந்தாள். காலையிலிருந்து இதே வாக்கியத்தை, இதே குரலில், எத்தனை பேரிடம் சொன்னாள். பக்கத்தில் நின்று கேட்ட பிள்ளையிடம் இப்போது எதைச் சொல்லி நம்பவைப்பது? நிஜமான பயத்துக்கு என்று தனியாக ஒரு குரல் அவளிடம் மிச்சமில்லை.

வாசலில் சத்தம் கேட்டது.

சப்.

கணவன் இல்லை. கார் சத்தம் வரவில்லை, கேட் சத்தம் வரவில்லை.

சப். சப்.

குதிகாலில் அடிக்கும் செருப்பு. முதலில் தடுமாறி, நின்று, நின்று. நடை பழகும் குழந்தை போல. பிறகு கொஞ்சம் வேகமாக. பிறகு கூடத்துக்குள், சோபாவைச் சுற்றி ஒரு வட்டம். இன்னொரு வட்டம். ஓட்டம். நின்ற இடத்தில் ஒரு குதி.

குளியலறைக் கதவு திறந்தது.

"குட்டி, வெளிய வராதே!"

கத்தினாள். கத்தியதாகத்தான் நினைத்தாள். தொண்டையில் காற்று மட்டும் வந்தது.

"எழுந்துட்டியாம்மா?" மகளின் குரலில் நிம்மதி. "எனக்குத் தெரியும், நீ சும்மா..."

பேச்சு பாதியில் நின்றது.

கடிகாரம். மின்விசிறி. பாசி வாடை.

சப். சப். சப்.

திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

திரைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அங்கே இரண்டு பாதங்கள். வெள்ளை மணல் ஒட்டிய செருப்பு. இடது புறங்காலில் இஸ்திரிப் பெட்டி சுட்ட பழைய தழும்பு. காலையில் மகள் ஆசையாகப் பூசிவிட்ட சிவப்பு நகப்பூச்சு, சுண்டுவிரலில் மட்டும் விட்டுப்போனது.

அவளுடைய பாதங்கள்.

போர்வையைத் தடவினாள். தொடை. முழங்கால். அதற்குக் கீழே... மெத்தை. போர்வை தட்டையாகப் படிந்து கிடந்தது.

அது என்னுடையது என்று சொல்ல வேண்டும். திருப்பிக் கொடு என்று கேட்க வேண்டும். கேட்க வாய் வரவில்லை. வேணாம் என்று சொன்னவள் அவள்தான். எடுத்துக்கோ என்று, அத்தனை பேர் முன்னால், சிரித்துக்கொண்டே.

திரை லேசாக உப்பியது. ஒரு பெரிய ஆளின் உயரத்தில் அல்ல. அதற்கு வெகு கீழே, பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் உயரத்தில் ஒரு முகம் துணியில் பதிந்து விலகியது.

"ஆன்ட்டி." அந்தக் குரலில் கோபமே இல்லை. சந்தோஷம் மட்டும்தான் இருந்தது. "அசையுது பாருங்க."

சிவப்பு பூசிய கட்டைவிரல் மெல்ல எழுந்து தரையைத் தட்டியது. படகுப் பாட்டின் மெட்டு. ஒரு முறை. மறுமுறை.

அந்தப் பாதங்களுக்குப் பக்கத்தில், சொட்டச் சொட்ட ஈரமாக, மகளின் இரண்டு சின்னப் பாதங்கள் வந்து நின்றன. கொஞ்ச நேரம் தயங்கின.

பிறகு அவையும் தாளம் போடத் தொடங்கின.