கறுத்துப்போன நல்ல தண்ணி

அறிவியல் டீச்சர் ஆளுக்கொரு சின்னப் புட்டியைக் கொடுத்தார். அதன் அடியில் கொஞ்சம் மருந்துத் தூள் இருந்தது. வீட்டில் குடிக்கிற தண்ணீரை அதில் பிடித்து வரச் சொன்னார். தண்ணீரில் கிருமி இருந்தால் மறுநாளுக்குள் கறுத்துவிடுமாம்.

வாயாடியின் தெருவில் இரண்டு குழாய்கள் உண்டு. (பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள் என்று வகுப்பே அவளுக்கு வைத்த பெயர் அது.) ஒன்றில் உப்புத் தண்ணி வரும், துவைக்கலாம், கழுவலாம். இன்னொன்றில் வருவது நல்ல தண்ணி.

"நல்ல தண்ணியாப் பாத்துப் பிடி. உப்புத் தண்ணியக் கொண்டுபோய் மானத்தை வாங்கிடாதே" என்று தையல் மெஷினை மிதித்தபடியே அம்மா சொன்னார்.

புட்டிகள் ஒருநாள் முழுக்க வகுப்பு அலமாரியில் இருந்தன. மறுநாள் மழை விடாமல் பெய்தது. டீச்சர் அலமாரியைத் திறந்தார். ஒரே ஒரு புட்டி மட்டும் மை ஊற்றியதுபோல் கறுத்திருந்தது. அது வாயாடியின் புட்டி.

பக்கத்தில் இருந்தவன் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். யாரோ சிரித்தார்கள். டீச்சர் அதட்டினார். இதில் வாயாடியின் தப்பு ஒன்றுமில்லை, குழாயைச் சரிசெய்யும்வரை தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதும் என்றார். வாயாடி வாயே திறக்கவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

அவள் தம்பி ஒரு வாரமாக வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்தான். வெளியே கண்டதைத் தின்றிருப்பான் என்று அம்மா திட்டிக்கொண்டே இருந்தார். அவனுக்குத் தண்ணீர் கொடுத்தது வாயாடிதான். அவன் தலையைத் திருப்பினாலும் விடமாட்டாள். "குடிடா, நல்ல தண்ணிதான்" என்பாள். நினைக்க நினைக்க அழுகை வந்தது.

மணி அடித்ததும் புட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மூடியைத் திறக்கக் கூடாது என்று சொல்லி டீச்சர் கொடுத்தார்.

அம்மா நம்பவில்லை. நல்ல தண்ணி எப்படிக் கெட்டுப்போகும் என்று கேட்டார்.

"உப்பு இல்லேன்னுதாம்மா அதுக்கு நல்ல தண்ணின்னு பேரு. கிருமி இல்லேன்னு யாரு சொன்னா?"

அம்மா புட்டியைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். பிள்ளையை வீணாகத் திட்டிவிட்டேனே என்று முணுமுணுத்தபடி அடுப்பைப் பற்றவைத்தார்.

அப்போதும் வாயாடிக்கு மனசு ஆறவில்லை. வெளியே குடம் நிரம்பும் சத்தம் கேட்டது. குடைகூட எடுக்காமல் ஓடினாள்.

நல்ல தண்ணிக் குழாயடியில் எதிர்வீட்டு அத்தை நின்றிருந்தார். வாயாடி புட்டியைக் காட்டி நடந்ததைச் சொன்னாள். பள்ளிக்கூடத்து விளையாட்டைத் தெருவுக்குக் கொண்டுவராதே என்று அத்தை சலித்துக்கொண்டார். வாயாடி விடவில்லை. தம்பி கிடக்கிற கிடப்பைச் சொன்னாள். தன் கையாலேயே அவனுக்கு ஊற்றிக் கொடுத்ததையும் சொன்னாள்.

அத்தையின் முகம் மாறியது.

"பாப்பாவும் காலைலேர்ந்து வயித்தவலின்னு படுத்திருக்கா. இப்பத்தான் ஒரு டம்ளர் தண்ணி குடுத்துட்டு வந்தேன்."

நிறைந்த குடத்தை அப்படியே சாய்த்துவிட்டு அத்தை வீட்டுக்கு ஓடினார்.

வாயாடி குழாயை இறுக மூடினாள். அடுத்து ஒருவர் குடத்தோடு மழையில் வந்துகொண்டிருந்தார். அவரிடம் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.