முதலிலேயே அந்தச் சந்துக்குள் இருந்த பல் டாக்டரிடம் போயிருக்கலாம்...

சளாரென்று முகத்தில் அடித்தது தண்ணீர். மழை இல்லை... மழைக்கோட்டு!

பல் மருத்துவமனையின் வாசற்படியில் ஒதுங்கி நின்ற குயென் பதறித் திரும்பினாள். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடி வந்த ஒருவர், பக்கத்தில் நின்று தன் நீல மழைக்கோட்டை உதறிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, மன்னிச்சுக்குங்க அக்கா! ஆள் நிக்கறதைக் கவனிக்கல."

"யாருக்கு யாருங்க அக்கா? உங்க தலை பாதிக்கு மேல நரைச்சிருக்கு!"

"சரி... தங்கச்சின்னு வச்சுக்கவா?"

"ஒண்ணும் வச்சுக்க வேணாம். தள்ளி நின்னு உதறுங்க."

கோபத்தில் அவள் கண்கள் இன்னும் பெரிதாயின. மழைக்கால ஆற்றைப் போல் கறுத்துத் தளும்பும் கண்கள்... அவள் முகத்தில் வெளியே தெரிந்தது அவை மட்டும்தான். மூக்கிலிருந்து முகவாய் வரை மறைத்த முகக்கவசம் நனைந்து வாயோடு ஒட்டிக்கொண்டது. மூச்சு முட்டியது. ஆனாலும் அதைக் கழற்றக் கை போகவில்லை.

சைகோனில் வெயிலுக்கும் புகைக்கும் எல்லாரும் முகத்தை மூடுகிறவர்கள்தான். குயென் மூடியது வேறு காரணத்துக்கு. ஈறு நோயில் மேல்வரிசைப் பற்களில் பாதி போய்விட்டன. மிச்சமும் ஆடிக்கொண்டிருந்தன. 'தான் தின்' என்ற சந்தையில் துணிக்கடை அவளுக்கு. கவசத்தோடேயே பேரம் பேசி, கவசத்தோடேயே சிரிக்கப் பழகியிருந்தாள். கணவர் இறந்த பிறகு அவள் முழு முகத்தையும் பார்த்த ஆண், பல் டாக்டர் ஒருவர்தான்.

மழைக்கோட்டுக்காரர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து பிரிக்காத கவசம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதை மாட்டிக்குங்க. நான் திரும்பிக்கறேன்."

சொன்னபடியே முதுகைக் காட்டி, மழையைப் பார்த்து நின்றார். அவள் "ம்" சொல்லும் வரை திரும்பவே இல்லை.

அந்த முதுகைத்தான் அவளுக்கு முதலில் பிடித்தது...

அவர் பெயர் லாம். ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். மனைவி இல்லை, ஒரே மகள் மெல்போர்னில். அவரும் அதே காரியத்துக்குத்தான் வந்திருந்தார். மிச்சப் பற்களைப் பிடுங்கி, தாடை எலும்பில் திருகாணி பதித்து, அதன்மேல் முழு வரிசையையும் பொருத்துகிற சிகிச்சை.

வரவேற்பில் இருந்த பெண் இருவரையும் பார்த்துப் பளிச்சென்று சிரித்தாள். "கணவன் மனைவி சேர்ந்து செஞ்சுக்கிட்டா எங்ககிட்ட சலுகை உண்டு!"

"அப்படியா? எவ்வளவு?" என்றார் லாம், ரொம்பத் தீவிரமாக.

வெளியே வந்ததும் குயென் பிடித்துக்கொண்டாள். "இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க சொல்வீங்கன்னு பார்த்தேன்."

"நான்... நீங்க சொல்வீங்கன்னு பார்த்தேன்."

காது வரை சூடேறியது அவளுக்கு. நல்லவேளை, கவசம் இருந்தது!

அதன்பிறகு, நாலு இடம் பார்த்து முடிவு செய்யலாமென்று இருவரும் சேர்ந்தே மருத்துவமனை தேடினார்கள். அவர் வண்டியில், அவள் பின்னால்... ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒன்று; தங்க எழுத்துப் பலகை, மெல்லிய பாட்டு, காபி. "காலையில வாங்க, சாயங்காலம் புதுப்பல்லோட சிரிச்சுக்கிட்டே போங்க" என்றார்கள். எலும்பு எப்படி இருக்கிறது என்று லாம் கேட்டதற்கு இன்னொரு காபி வந்தது.

இன்னொன்று சந்துக்குள் இருந்தது. டாக்டர் ஓவான் சிரிக்கவே இல்லை. எக்ஸ்ரே படத்தை விளக்கில் காட்டினாள்.

"ரெண்டு பேருக்கும் எலும்பு மெலிஞ்சிருக்கு. எலும்பு வச்சு, அது ஆறினப்புறம்தான் திருகாணி. மாசக்கணக்குல ஆகும். நடுவுல கொஞ்ச நாள் வாயில ஒண்ணுமே இருக்காது. அவசரம்னா வேற இடம் பாருங்க."

சந்து முனையில் ஐஸ் காபி. குயென் உறிஞ்சுகுழலைக் கவசத்துக்கு அடியில் நுழைத்துக் குடித்தாள்.

"புதுப்பல் வந்ததும் முதல்ல என்ன சாப்பிடுவீங்க?" என்றார் லாம்.

"பச்சைக் கொய்யா. மிளகாய் உப்பு தொட்டு. நீங்க?"

"சுட்ட கணவாய்க் கருவாடு. இழுத்து இழுத்து மெல்லணும்."

"முதல் நாளே பல் கையில வந்துடும்!"

அவர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "குயென்... இந்த டாக்டரே நல்லவங்களாத் தெரியறாங்க. ரெண்டு பேரும் ஒரே நாள்ல வச்சுக்கலாமா? துணையா இருக்கும்."

"ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல பொக்கை வாயா!"

"அதுக்கென்ன? சேர்ந்து கஞ்சி குடிப்போம்."

சேர்ந்து... கஞ்சி... அவர் எதிரில், ஒட்டிப்போன கன்னத்தோடு! குயென் கவசத்தை இன்னும் மேலே இழுத்துக்கொண்டாள். இந்த மனிதர் பார்ப்பது என் கண்களைத்தானே. அந்த வாயைப் பார்த்தால்?

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

சொல்லவில்லை. சில நாள் கழித்து, யாரிடமும் சொல்லாமல், ஆற்றைத் தாண்டித் தங்க எழுத்து மருத்துவமனைக்குப் போனாள். சந்து டாக்டர் சொன்னதுதான் சரி என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் போனாள். ஒரே நாள்... மறுநாள் ராணி மாதிரி அவர் முன் போய் நின்றுவிடலாமே!

பல் அன்று சாயங்காலமே வந்தது. வீக்கமும் வந்தது. வடியட்டும் என்று காத்திருந்தாள். வடிவதற்குள் ஒரு திருகாணி ஆடியது, பிறகு இன்னொன்று. சீழ் வைத்து, முழு வரிசையையும் கழற்ற வேண்டியதாயிற்று. இப்போது வாயில் ஒன்றுமே இல்லை.

லாம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவள் எடுக்கவில்லை. 'நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா?' என்று செய்தி அனுப்பினார். படித்துவிட்டு அழுதாள், பதில் போடவில்லை.

ஒருநாள் சந்தைக்கே வந்துவிட்டார். குயென் துணி உருளைகளுக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். "அவ ஹுவேயில சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்கா" என்று பக்கத்துக் கடைக்காரி சொன்னாள். அவர் ஏதோ கேட்டார். பேச்செல்லாம் காற்றாகப் போனது. அவருக்கும் பல் எடுத்தாகிவிட்டது! கடைக்காரிகள் சிரித்தார்கள். கூடவே அவரும் சிரித்தார், கவசம்கூட இல்லாமல்...

எழுந்து போ, எழுந்து போ என்று மனசு அடித்துக்கொண்டது. அவள் இன்னும் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை.

மழைக்காலம் ஓய்ந்த பிறகு குயென் சந்து டாக்டரிடமே போனாள். ஓவான் திட்டவில்லை. எலும்பு வைத்தாள், ஆறவிட்டாள், திருகாணி பதித்தாள். அடுத்த மழைக்காலத்தில், பல் பொருத்திய நாளில் குயென் தயங்கித் தயங்கி அவரைப் பற்றிக் கேட்டாள்.

"லாம் அண்ணனா? நாளைக்குப் பல்லைக் கடைசியா ஒரு தடவை பார்த்துக்க வர்றார். அடுத்த வாரம் மெல்போர்ன் போறாராம், மகளோடயே இருக்க."

மறுநாள் குயென் கவசம் இல்லாமல் மருத்துவமனையில் போய் உட்கார்ந்தாள். அவர் வந்தார். எதிரில் அமர்ந்தார். அவள் சிரித்தாள், முழு வரிசையும் தெரிய. அவர் யாரோ ஒரு பெண்ணுக்குச் செய்வது போல் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவருக்கு அவளைத் தெரியவில்லை...

எப்படித் தெரியும்? இந்த முகத்தை அவரிடம் எப்போது காட்டினாள்? அழுகை முட்டியது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விம்மல் கேட்டுத் திரும்பியவர், கைக்கு மேலே தெரிந்த அந்தக் கண்களைப் பார்த்தார்.

"குயென்?"

"அன்னிக்குக் கடையில... நான் உள்ளேதான் இருந்தேன்."

"ஹுவேக்குப் போயிட்டீங்கன்னு நம்பிட்டேனே!"

"பொக்கை வாயோட உங்க முன்னாடி நிக்க மனசு வரல. அழகா வரணும்னு பார்த்தேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருந்தது, லாம். இப்பவும்... ரொம்பப் பிடிச்சிருக்கு."

வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"போன மழைக்கு இதைச் சொல்லியிருந்தா, மகள்கிட்ட வரலைன்னு சொல்லியிருப்பேன். இப்ப அவளுக்குக் குழந்தை பிறந்திருக்கு. என்னை நம்பித்தான் வேலைக்குத் திரும்பப் போறா."

"திரும்பி வருவீங்களா?"

"தெரியல. உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன்."

நர்ஸ் அவர் பெயரைக் கூப்பிட்டாள். எழுந்தவர், அவள் வாயை மறைத்த கையை மெல்ல விலக்கி, அது குயெனின் முகம் என்று தெரிந்து முதன்முதலாகப் பார்த்தார்.

"எனக்கும் பிடிச்சிருந்தது. பல்லு வேணும்னு நான் கேட்கவே இல்லையே, குயென்..."