அம்மாவின் நிறத்தில் ஒரு படம்

காமினியின் அம்மா துளசி இறந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. மறுநாள் பதினாறாம் நாள் காரியம். அதற்காகப் பெரிதாக்கிச் சட்டம் போட்ட படத்தை, வடிவம்மாள் அத்தை கடையிலிருந்து வாங்கி வந்தார்.

செய்தித்தாளைப் பிரித்ததும், சிவப்பாக ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். காமினிக்கு முதலில் யாரென்று தெரியவில்லை. மூக்குத்தியைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

“எவ்ளோ லட்சணமா இருக்கா பாரு,” என்றார் அத்தை.

“இது அம்மா இல்ல அத்தை.”

“அம்மாதான். கொஞ்சம் வெளுக்க வச்சிருக்காங்க, அவ்ளோதான்.”

“அம்மா இவ்ளோ வெள்ளையா இல்லையே.”

அத்தை குரலைத் தாழ்த்திக்கொண்டார். “உங்கம்மாவுக்கு அதுதான் குறை, காமினி. கறுப்பா விழுவேன்னு போட்டோவுலேயே நிக்க மாட்டா. இப்பவாவது ஆசைப்பட்ட மாதிரி இருக்கட்டுமே.”

அத்தை சொன்னது உண்மைதான். எங்கே போனாலும், “நீங்க நில்லுங்க, நான் எடுக்கறேன்” என்று அம்மாவே கைப்பேசியை வாங்கிக்கொள்வாள். எத்தனையோ படங்கள் இருந்தன. எதிலும் அம்மா இல்லை. தேடிக் கிடைத்தது ஒரே ஒரு கல்யாணப் படம். அதிலும் மேடை விளக்கு அம்மாவின் முகத்தை மஞ்சளாக்கியிருந்தது.

ஆனால் அதே அம்மாதான் காமினிக்குத் தலை வாரிவிடும்போது, “என் கலரு அப்படியே வந்திருக்கு உனக்கு” என்று கன்னத்தைத் தடவுவாள். அப்போது அவள் குரலில் குறை எதுவும் இருக்காது. சந்தோஷம்தான் இருக்கும்.

காமினி படத்தை மறுபடியும் செய்தித்தாளில் சுற்றினாள்.

அப்பா திருநாவுக்கரசு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அம்மா போன நாளிலிருந்து அவர் யாரிடமும் பேசுவதில்லை. எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவார்.

“அப்பா, படக்கடைக்குப் போகணும்.”

அப்பா அவளையும் பொட்டலத்தையும் பார்த்தார். தலையாட்டிவிட்டு மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது அந்தக் கடை. கடைக்காரர் ஹபீப் முகம்மது படத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“பிடிக்கலையாம்மா?”

“நல்லா இருக்கு அங்கிள். ஆனா எங்கம்மா மாதிரி இல்ல.”

அவர் முகம் வாடியது. “எல்லாரும் வெள்ளையா வேணும்னுதான் கேப்பாங்க. இப்பல்லாம் கேக்காமலேயே பண்ணிடறேன். மாத்தலாம்லா, பிரச்சினை இல்ல. ஆனா எந்தக் கலருக்கு? பழைய படத்துல மஞ்ச வெளிச்சம். நான் அவங்கள நேர்ல பார்த்ததில்லையே.”

காமினி கொஞ்சம் யோசித்தாள். பிறகு கணினித் திரைக்குப் பக்கத்தில் தன் கையை நீட்டினாள்.

“இந்தக் கலர்.”

அவர் அவளுடைய கையைப் பார்ப்பதும் திரையைப் பார்ப்பதுமாக வேலை செய்தார். திரையில் இருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது.

“முடியும் மாறணும் அங்கிள். பழுப்பா இருக்கு.”

“முகத்தை வெளுக்க வச்சதுல அதுவும் வெளுத்துருச்சு.”

“தோலுக்கும் முடிக்கும் ஒரே சாயம்தான். மெலனின்னு பேரு. எங்க அறிவியல் புத்தகத்துல இருக்கு. அம்மாவுக்கு அது நிறைய இருந்துச்சு. அவங்ககிட்டேருந்து எனக்கு வந்துச்சு.”

கடைக்காரர் மெல்லத் தலையசைத்து, முடியையும் கறுப்பாக்கினார். காமினிக்குக் கை வலித்தது. ஆனால் கீழே இறக்கவில்லை.

“இப்ப சரியாம்மா?”

காமினி பார்த்தாள். சரி போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. அதற்குள் அம்மாவின் நிறம் மறந்துவிட்டதா? அவளுக்குப் பயமாக இருந்தது.

அதுவரை வாசலிலேயே நின்ற அப்பா உள்ளே வந்தார். காமினியின் கையைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார். முழங்கைக்குச் சற்றுக் கீழே, வெயில் பட்டு இன்னும் கறுத்திருந்த ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

“இங்க,” என்றார். “அவ கன்னம் இந்தக் கலர்ல இருக்கும்.”

பல நாள் பேசாததால் அவர் குரல் கரகரத்தது.

சிறிது நேரத்தில் திரையில் அம்மா இருந்தாள். ஹபீப் முகம்மது ஒரு நாற்காலியை இழுத்து அப்பாவுக்குப் போட்டார். அப்பா அதில் உட்கார்ந்து, திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காமினி அவர் தோளில் சாய்ந்து அழுதாள்.

வீட்டுக்கு வந்தபோது அத்தை சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தார். காமினி புதுப் படத்தை முக்காலியில் வைத்தாள். அத்தை திட்டுவார் என்று நினைத்தாள்.

அத்தை சந்தனத்தைத் தொட்டுப் படத்தருகே கொண்டுபோனார். விரல் பாதியில் நின்றது.

“துளசி,” என்றார். “எங்கடி போயிட்ட நீ?”

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் தேற்றிய அத்தை அழுவதைக் காமினி அன்றுதான் பார்த்தாள். போய் அவர் மடியில் தலை வைத்தாள். அப்பாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்து அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நாளைக்குப் படையலுக்கு அவளுக்குப் பிடிச்சதா என்ன வைக்கலாம்?”

“கத்திரிக்காய் சம்பால்,” என்று காமினியும் அப்பாவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.