அணைக்கச் சொன்ன குரல்

வாய்க்காலில் சில்வண்டு கத்தவில்லை.

சின்னக்கண்ணு கொட்டகை வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். ஐப்பசி மூட்டம் செம்மேட்டுப் பக்கமிருந்து இறங்கி, பலாமரத்தை மறைத்து, பாதையை மறைத்து, இப்போது கதவுவரை வந்து நின்றது. பொழுது சாய்கிற இந்த நேரத்துக்கு அந்த வண்டுகள் காது கிழியக் கத்தும். சனியன்கள் என்று தினமும் திட்டுவான். இன்றைக்குப் பக்கத்தில் தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டுவது மட்டும் கேட்டது. கீழே, சரிவு முடிகிற இடத்தில், தன் குடிசையை ஒட்டி மட்டும் வண்டுகள் கத்திக்கொண்டிருந்தன.

மிளகிலிருந்து சத்து இறக்குகிற கொட்டகை அது. யுத்தம் தொடங்கிய பிறகு சேலத்து முதலாளி ஒருவர் போட்டது. மிளகுப் பொடியை, சட்டென்று ஆவியாகித் தீப்பற்றும் ஈதர் திரவத்தில் ஊறவைத்து, ஈதரைப் பிரித்தெடுத்தால் அடியில் கறுப்புப் பசை தங்கும். ஈதரைப் பீப்பாயிலிருந்து செம்பு ஜாடிக்கு மாற்றுவது சின்னக்கண்ணுவின் வேலை. மேற்பார்வை பார்க்கும் அருணாசலம் முதல் நாளே எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தார். பீடி கூடாது. ஆணி அடித்த செருப்பு கூடாது. பீப்பாயையும் ஜாடியையும் செம்புச் சங்கிலியால் இணைக்காமல் பம்பில் கை வைக்கக் கூடாது, உரசலிலேயே பொறி பறக்கும். இதன் ஆவி புகையைப் போல மேலே போகாது, தண்ணீரைப் போலப் பள்ளம் பார்த்துப் போகும், எங்கோ கிடக்கும் ஒரு பொறியைத் தொட்டால் வந்த வழியே தீயாகத் திரும்பும் என்றும் சொன்னார். காய்ச்சல் என்று அவர் முந்தாநாளே அடிவாரத்துக்கு இறங்கிப் போய்விட்டார்.

இன்றைக்கும் சின்னக்கண்ணு ஒன்றையும் விடவில்லை. செருப்பை வெளியே கழற்றினான், சங்கிலியை மாட்டினான், மெதுவாக அடித்தான், ஜாடியைக் கார்க்கால் இறுக்கினான். வேலை முடிந்தால் குறைய வேண்டிய வாடை குறையவில்லை. தொண்டைக்குள் இறங்கும் அந்தத் தித்திப்பும் குளிர்ச்சியும் ஏறிக்கொண்டே வந்தன.

மூலையில் நேற்று வந்த புதுப் பீப்பாய் நின்றது. கம்பில் கட்டித் தூக்கி வந்தவர்கள், வழியில் நழுவிப் பாறையில் மோதியதைச் சொல்லத்தான் செய்தார்கள். அவனும் சுற்றிவந்து பார்த்தான், ஒழுகவில்லை. இப்போது அடித்தகடு பொருந்தும் ஓரம் ஈரமாக இருந்தது. விரலால் தட்டினான். மேலிருந்து அடிவரை காலிப் பீப்பாயாக டொங்கென்றது.

அவ்வளவும் எங்கே போயிற்று?

தரையில், கழுவு நீர் போகும் ஓட்டையில் செருகியிருந்த சாக்கு நனைந்து சொதசொதவென்று கிடந்தது. ஓட்டை வாய்க்காலுக்குப் போகிறது. வாய்க்கால் நேராக அவன் குடிசைக்குப் போகிறது. கழுவு நீர் வாழைக்கு ஆகுமே என்று அவனே பார்த்துப் பார்த்து அங்கே போட்ட குடிசை. கெட்டிக்காரன் என்று அவன் மனைவி மாதம்மாள் மெச்சினாள்.

மாதம்மாள் என்றதும் வெளியே பார்த்தான், இருட்டிக்கொண்டு வந்தது.

யுத்தத்தில் தீப்பெட்டி கிடைப்பதில்லை. அதனால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவள் குடிசைக்கு அப்பால், எதிர் மேட்டிலிருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சட்டியில் தணல் வாங்கி வருவாள். இடுப்பில் பிள்ளை, கையில் சட்டி. வருகிற வழி வாய்க்கால் ஓரம்.

அவன் ஓடினான். மூட்டத்தில் தன் கையே தெரியவில்லை. வாய்க்கால் ஓரம் காலில் மெத்தென்று ஏதோ இடறியது. தவளை. உயிர் இருந்தது, ஆனால் துள்ளவில்லை. புல்லெல்லாம் பூச்சிகள் மல்லாந்து கிடந்தன. கீழே கத்திக்கொண்டிருந்த வண்டுகளும் ஒவ்வொன்றாக அடங்கின. ஆவி அவனுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

தடுக்கிக் குப்புற விழுந்தான். தரையோடு முகம் கிடந்தபோது அந்த ஆவியை ஒரு மூச்சு, இரண்டு மூச்சு இழுத்துவிட்டான். எழுந்தபோது தலை கிறுகிறுத்தது, முழங்கால் தன்னுடையதாக இல்லை, நாக்கு தடித்திருந்தது.

எதிரே, பிள்ளை சிணுங்கியது.

கூப்பிட வாயெடுத்தான். உடனே நிறுத்திக்கொண்டான். மூட்டத்தில் யாராவது கூப்பிட்டால் நெருப்பை உயர்த்தி வழி காட்ட வேண்டும். மலை வழக்கம் அது; குழந்தைக்கும் தெரியும். கூப்பிட்டால் அவள் காய்ந்த புல்லில் சூந்து கட்டி, பந்தம்போலக் கொளுத்துவாள். கூப்பிடாவிட்டால் தணல் சட்டியோடு ஆவிக்குள் நடந்து வருவாள்.

அணைக்கச் சொல்லலாம். அதுதான் முடியாது. மூட்டத்துக்குள்ளிருந்து நெருப்பை அணைக்கச் சொல்வது மனுசக் குரல் இல்லை, அதற்குக் கால் தரையில் பாவாது என்பாள் மாதம்மாள். அப்படி ஒரு குரலை நம்பித் தீப்பந்தத்தை அணைத்த அவளுடைய சின்னம்மா வீடு திரும்பவே இல்லையாம். அதைச் சொல்லும்போதெல்லாம் அவன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

காலடி நெருங்கியது. வேறு வழி?

"மாதம்மா... நெருப்பை அணைச்சிரு."

தன் குரலா அது? குழறி, இழுத்து, ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல.

காலடி நின்றது.

"யாருங்க அது?"

"நான்தான் புள்ள. அணைச்சிரு. தண்ணில கொட்டிரு."

பிள்ளையை அவள் நெஞ்சோடு இறுக்கியிருக்க வேண்டும். அதன் சிணுங்கல் அமுங்கியது. ஈதர் என்று சொல்லப் பார்த்தான். பீப்பாய் என்று சொல்லப் பார்த்தான். வாயில் எச்சில்தான் வந்தது.

சட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் புல் பிடுங்கும் சத்தம். குடிசைக் கூரை ஓரத்துக் காய்ந்த புல். முறுக்கினாள்.

பிறகு தணலை ஊதினாள். ஒரு தரம். இன்னொரு தரம்.

அவன் அவளை நோக்கி நடந்தான். கால் வரவில்லை. தவழ்ந்தான். எழுந்தான்.

மூட்டத்துக்குள் மஞ்சளாக வெளிச்சம் பிடித்தது. தலைக்கு மேலே அதைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அவள் முகம் தெரிந்தது. பயந்த முகம். ஆனாலும் அவன்தான் என்று நம்ப ஆசைப்பட்ட முகம்.

ஒன்றும் ஆகவில்லை. மேலே ஆவி இல்லை. நெருப்பு உயரத்திலேயே இருக்கட்டும். அப்படியே இருக்கட்டும்.

"அங்கயே நில்லு," என்றான். "கையைத் தணிக்காதே."

எல்லாம் குழறலாகத்தான் போய்ச் சேர்ந்தது.

மாதம்மாள் அழுதுகொண்டே கேட்டாள்: "நீங்கதான்னா... காலைக் காட்டுங்க."

அவன் கால் தரையில் பாவுகிறதா என்று பார்க்க, சூந்தை மெல்லத் தணித்தாள். தோளுக்கு. இடுப்புக்கு. முழங்காலுக்கு.

சேறு அப்பிய தன் இரண்டு பாதங்களும் சின்னக்கண்ணுவுக்குத் தெரிந்தன. அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், முகம் மலர்ந்தது.

அவளுக்கும் அவனுக்கும் நடுவே, தரையோடு தரையாக, சத்தமே இல்லாமல், புல் முழுக்க நீலத் தீயாகிக்கொண்டு வந்தது.